காலில் வெட்டி எடுத்ததைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் தோல் புற்றுநோய் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். உச்சி வெயிலில் அலையாதீர்கள், சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, நம் நிறத்துக்கு அவ்வளவு பயமில்லை என்று முடித்திருந்தார்கள். எழுதியவர் தப்பாக ஒன்றும் எழுதிவிடவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது தன் குதிகாலில் இருக்கிற கறுப்புப் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், முழுசாகப் போட முடிந்தால் போடுங்கள்.

நான் கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஊர் இது. வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் என்று எங்கே வேலை இருக்கிறதோ அங்கே போவார்கள், பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள், வந்த கையோடு கடைக்கு வந்து முட்டிவலிக்கு ஒரு தைலம், தலைவலிக்கு ஒரு மாத்திரை, அப்புறம் காலாணி பிளாஸ்டர். இந்தக் காலாணி பிளாஸ்டர் எங்கள் பக்கம் அப்படி விற்கும். ஈரத்திலும் சருகிலும் நாள் முழுக்க ரப்பர் செருப்போடு நிற்கிற கால்கள், ஆணி வராமல் இருக்குமா? பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது ஆணியாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. நான் எழுதுவது மிச்சமிருக்கிற அந்த ஒருத்தரைப் பற்றி.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் தொடங்குகிற புற்றுநோய். வெளிநாட்டில் முதுகிலும் முகத்திலும் கையிலும் வருவது பெரும்பாலும் வெயிலோடு சம்பந்தப்பட்டது, சரி. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்காலிலோ, குதிகாலிலோ, உள்ளங்கையிலோ, கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியிலோதான் வருகிறது. வெயிலே படாத இடங்கள் இவை. சன்ஸ்கிரீனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நம் ஆட்களில் மொத்தமாகப் பார்த்தால் இது அரிதான நோய்தான், ஆனால் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள், காரணம் உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் ஆணி என்றோ, மரு என்றோ, ஏதோ குத்திவிட்டது என்றோ, சர்க்கரை இருக்கிறவராக இருந்தால் சர்க்கரைப் புண் என்றோ நினைத்துவிடுகிறார்கள். ஆறாத சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் சதைத் துண்டை எடுத்துப் பார்த்தால் மெலனோமாவாக இருந்தது என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிற விஷயம்.

எங்கள் மதினிக்கு நடந்தது இதுதான். இடது குதிகாலில் ஒரு புள்ளி, முதலில் மிளகு அளவுக்கு இருந்ததாம். வலி இல்லை. ஏலக்காட்டில் வேலை பார்க்கிற கால், முள்ளு குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார். அது கொஞ்சம் பெரிதாகி, ஓரம் கோணலாகப் பரவி, ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் காப்பி நிறமாகவும் ஆனபோது தோட்டத்துக்குப் பக்கத்தில், மலைப்பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, "ஆணிதான்மா, பிடுங்கியாச்சு" என்று வெட்டி எடுத்து, ஒரு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எடுத்த துண்டை என்ன செய்தார்கள் என்று பின்னால் நாங்கள் போய்க் கேட்டபோது, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டோம் என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் சங்கடமோ கூச்சமோ எதுவும் இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தத் துண்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது அதற்கப்புறம் மதினியோடு பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தபோதுதான். அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மெலனோமாவில் எல்லாமே ஆழக் கணக்கு. மேலே எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதைவிட, தோலுக்குள்ளே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வெட்டி எடுத்த துண்டை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து, தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் கடைசி செல் வரை எவ்வளவு ஆழம் என்று அளப்பார்கள். இன்றைக்கும் ரிப்போர்ட்டில் பிரெஸ்லோ ஆழம் என்று அவர் பெயரில்தான் போடுகிறார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரு மாதிரி வைத்தியம், 1-லிருந்து 2 வரை, 2-லிருந்து 4 வரை, 4-க்கு மேல் என்று போகப் போக எல்லாம் மாறும். மேல்தோல் புண்ணாகி உடைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? நம் கைக் கட்டைவிரல் நகத்தின் கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அந்த அளவை வைத்துத்தான் ஒரு மனுஷியின் குதிகாலில் எவ்வளவு சதையை எடுப்பது, தொடையிடுக்கில் கத்தி வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறார்கள். துண்டைக் குப்பையில் போட்டால் அந்த அளவும் குப்பையில் போய்விடும். மறுபடி எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த அறுவை சிகிச்சை எப்படி என்றால், முதலில் சந்தேகப்பட்ட இடத்தை முழுசாக, ஓரத்தில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு, தோலின் முழு ஆழத்துக்கும் எடுத்து சோதனைக்கு அனுப்புவார்கள். குதிகால் மாதிரி இடத்தில் பெரிதாக இருந்தால் அதில் மோசமாகத் தெரிகிற இடத்திலிருந்து மட்டும் ஆழமாக ஒரு துண்டு எடுப்பார்கள். மேலோட்டமாகச் சீவி எடுக்கக் கூடாது, சீவினால் ஆழம் தெரியாது. ரிப்போர்ட் வந்த பிறகுதான் உண்மையான ஆபரேஷன். அதில் புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து, கீழே தசையை மூடியிருக்கிற உறை வரைக்கும் எடுக்கிறார்கள். இன்னும் மேல்தோலைத் தாண்டாத ஆரம்ப நிலை என்றால் சுற்றிலும் அரை சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டர், 1 மில்லிமீட்டர் ஆழம் வரை என்றால் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் 2 சென்டிமீட்டர்.

இந்த 2 சென்டிமீட்டர் சும்மா வந்துவிடவில்லை. 1907-இல் லண்டனில் ஹேண்ட்லி என்ற அறுவை மருத்துவர், இறந்துபோன ஒரே ஒரு நோயாளியின் உடலை ஆராய்ந்து, இந்த நோய் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவியிருக்கும், அதனால் தாராளமாக வெட்ட வேண்டும் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் வரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குதிகாலில் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் என்றால் குதிகாலே மிஞ்சாது, அதனால் எத்தனை பேருக்குக் காலையே எடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குறைவாகவும் இன்னொரு பிரிவுக்கு அதிகமாகவும் வெட்டிப் பார்த்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, அகலமாக வெட்டியதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று கண்டார்கள். ஸ்வீடனிலிருந்து 2011-இல் வந்த ஆய்வில் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் 2 சென்டிமீட்டரையும் 4 சென்டிமீட்டரையும் ஒப்பிட்டார்கள், பிழைத்தவர்கள் கணக்கில் வித்தியாசம் இல்லை. ஆக இன்றைக்கு ஒரு ஏழைப் பெண்ணின் கால் காலாக நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் பொறுமையும் இவ்வளவு நோயாளிகளின் சம்மதமும் இருக்கிறது. அவ்வளவும், முதல் துண்டு ஒழுங்காக ஆய்வகத்துக்குப் போனால்தான் நமக்குப் பயன்படும்.

மதினி விஷயத்தில் அது போகவில்லை. தையல் பிரித்த இடம் ஆறவே இல்லை, கசிந்துகொண்டே இருந்தது, பிறகு தழும்பின் ஓரத்திலேயே மறுபடி கறுப்பு முளைத்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. நெறி கட்டினால் எங்கள் ஊரில் காலில் எங்கேயோ புண் இருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், அப்படியே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கடைக்கு வந்து செருப்பைக் கழற்றிக் காட்டியபோது நான் அண்ணனுக்குப் போன் போட்டு அன்றைக்கே கிளம்பச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் காலைத் தன் மடிப்பக்கம் தூக்கி வைத்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "முதல்ல வெட்டினப்போ எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட் எங்கம்மா?" என்று கேட்டார். மதினி பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு வலி மாத்திரையும் எழுதியிருந்தது. அந்த மருத்துவர் கோபப்படவில்லை, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கிறதை வச்சுப் பார்ப்போம்" என்றார். அந்த "இருக்கிறதை வச்சு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெறி விஷயத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஜனங்கள் நிறையக் கஷ்டப்படுகிறார்கள். உள்ளங்காலில் இருக்கிற மெலனோமா பரவினால் முதலில் நிணநீர் வழியாகத் தொடையிடுக்குக்குப் போகும், சில சமயம் முழங்காலின் பின்பக்கத்துக்குப் போகும். கைக்குத் தட்டுப்படாத நிலையிலேயே அங்கே போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1992-இல் டொனால்ட் மார்ட்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை எழுதினார்கள். புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள், இப்போது லேசான கதிரியக்கம் உள்ள மருந்தையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். அது நிணநீர்க் குழாய் வழியாகப் போய் எந்த நிணநீர் முடிச்சில், அதாவது நெறி கட்டுகிற எந்த இடத்தில், முதலில் சேர்கிறதோ அந்த ஒன்றிரண்டை மட்டும் சின்னக் கீறலில் எடுத்து சோதிப்பார்கள். சென்டினல் நோட் என்பார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்ற முடிச்சுகளிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, தொடையிடுக்கைத் தொட வேண்டியதில்லை. ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இதைச் செய்யச் சொல்கிறார்கள், 0.8-லிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அந்த ஆழக் கணக்குதான்.

இதில் இன்னொன்று. முன்பெல்லாம் அந்த ஒரு முடிச்சில் நோய் தெரிந்தாலே தொடையிடுக்கில் இருக்கிற எல்லா முடிச்சுகளையும் வழித்து எடுத்துவிடுவார்கள். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 1,900-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உடனே எல்லாவற்றையும் எடுத்தார்கள், இன்னொரு பிரிவினரை அல்ட்ராசவுண்ட் வைத்து அடிக்கடி கண்காணித்தார்கள். 3 வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் மெலனோமாவால் சாகாமல் இருந்தவர்கள் 86 சதவீதம், ஒரே அளவு. ஆனால் முடிச்சுகளை எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கை கால் வீக்கம் வந்தது, கண்காணித்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். மலையேறி வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு வீங்காத கால் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தச் சலுகை எல்லாம் நெறி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னால் வருகிறவர்களுக்கு. ஏற்கனவே கட்டியாகத் தெரிந்து, ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் நோய் இருக்கிறது என்று வந்துவிட்டால், முடிச்சுகளை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. மதினிக்கு எடுத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் வார்டில் நான் கூட இருந்தேன். அறுவை மருத்துவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் கொண்டுவந்து, மதினியைக் குப்புறப் படுக்கச் சொல்லி, பழைய தழும்பையும் புதிதாக முளைத்த கறுப்பையும் சேர்த்து ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் அளந்து அளந்து புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து வட்டம் போட்டார். குதிகாலில் பாதிக்கு மேல் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவரிடம், தழும்பு இல்லாமல் இருந்திருந்தால் வட்டம் இவ்வளவு பெரிதாக வந்திருக்காது என்றார். முதல் முறை அரைகுறையாக வெட்டித் தைத்ததில் சுற்றுப்புறத் தோலையும் நோய் தொட்டிருக்கலாம் என்று அந்தத் தழும்பு முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டதாம்.

குதிகால் எடையைத் தாங்குகிற இடம். தொடையிலிருந்து எடுத்து ஒட்டுகிற மெல்லிய தோல் அங்கே நடக்க நடக்கக் கிழிந்துபோகும் என்று, பாதத்தின் உள்வளைவில், தரையில் படாத பகுதியிலிருந்து தடித்த தோலை ரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பிக் குதிகாலில் வைத்துத் தைத்தார்கள். அந்த உள்வளைவுக்குத்தான் தொடைத் தோலை ஒட்டினார்கள். என்ன அறிவு பாருங்கள், எங்கே எடை விழுகிறது என்று பார்த்து தோலை இடம் மாற்றுகிறார்கள். காலை ஊன்றக் கூடாது என்று பல வாரம் உயர்த்தியே வைத்திருந்தார்கள். இப்போது மதினி மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு போட்டு நடக்கிறார், வீக்கத்துக்குத் தொடை வரைக்கும் இறுக்கமான உறை மாட்டியிருக்கிறார், மலைக்குப் போக முடியாது, உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். அடிக்கடி செக்கப்புக்குப் போய் ஸ்கேன் பார்த்து வருகிறார்கள்.

நகத்துக்கு அடியில் வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் கட்டைவிரல் நகத்தில் கல் விழுந்து ரத்தம் கட்டினாலும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது நகம் வளர வளர முன்பக்கம் நகர்ந்து வெளியே போய்விடும். கால் நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். நகராமல் அதே இடத்தில் கோடாக நின்று, கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைத் தாண்டிச் சுற்றியிருக்கிற தோலிலும் கறுப்பு படர்ந்தாலோ அது நகச்சுத்து என்று மஞ்சள் வைத்துக் கட்டுகிற விஷயம் இல்லை. ஆரம்பத்திலேயே, மேல்தோலுக்குள்ளேயே இருக்கும்போது வந்தால் நகத்தையும் அதன் படுக்கையையும் மட்டும் எடுத்துத் தோல் ஒட்டி விரலைக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே இறங்கிவிட்டால் விரலை ஒரு மூட்டு அளவுக்காவது எடுக்க வேண்டி வரும். சில மெலனோமா கறுப்பாகவே இருக்காது, சிவப்பாகச் சதை வளர்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். அதனால் கறுப்பு இல்லை என்பதற்காக விட்டுவிட முடியாது. ஆறாத எதுவும் சந்தேகத்துக்குரியதுதான்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மதினியின் அம்மாவே அதைச் சொல்லித்தான் ஆபரேஷனுக்குப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தார். சோதனைக்காகத் துண்டு எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை, அப்படி எடுத்தவர்கள் சீக்கிரம் இறந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கத்தி பட்ட பிறகு பரவிய மாதிரி ஜனங்கள் பார்த்ததெல்லாம், ஏற்கனவே பரவியிருந்ததை யாரும் பார்க்காமல் பாதியில் வெட்டிவிட்டு விட்டதுதான். உடம்புக்குள் பரவிவிட்டால் இன்றைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற ஊசிகள் இருக்கின்றன, பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று, 2014-இலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டுக்கு வந்தவை, பலரை வருடக்கணக்கில் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் விலை கூலி வேலைக்காரர் குடும்பத்துக்கு எட்டாது, அதோடு காலிலும் நகத்திலும் வருகிற வகைக்கு அவை அந்த அளவுக்குக் கேட்பதில்லை என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு நேரத்தோடு செய்கிற அறுவை சிகிச்சைதான் மருந்து.

சரி, என்ன செய்ய வேண்டும்? மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். காலிலிருந்தும் நகத்திலிருந்தும் எதை வெட்டி எடுத்தாலும், அது நூற்றுக்கு நூறு ஆணிதான் என்று நீங்கள் நினைத்தாலும், நோயியல் சோதனைக்கு அனுப்புங்கள். அதற்குப் பெரிய வசதி ஒன்றும் தேவையில்லை, வாய் அகலமான ஒரு பாட்டில், துண்டின் அளவைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின் (துண்டு கெடாமல் காக்கிற திரவம்), மேலே பெயரும் தேதியும் எந்தக் கால் எந்த இடம் என்பதும் எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஸ்பிரிட்டிலோ உப்புத் தண்ணீரிலோ போடாதீர்கள், துண்டு கெட்டுவிடும். தேனியிலும் மதுரையிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன, கோட்டயம் பக்கம் இருக்கின்றன, பஸ்ஸில் கொடுத்தனுப்பினால்கூடப் போய்ச் சேரும். வெட்டுவதற்கே சந்தேகமாக இருந்தால் வெட்டாதீர்கள், அப்படியே அனுப்பிவையுங்கள். தேனி மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, கேரளாவில் கோட்டயம் மருத்துவக் கல்லூரியும் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. தொடாத இடத்தை அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள்.

நோயாளிகளும் கேட்க வேண்டும். "எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புனீங்களா சார்?" என்று கேட்பதற்குப் பயப்படவே வேண்டாம். ரிப்போர்ட் வந்தால் அதை லேமினேட் செய்யாமல், மடக்காமல் ஒரு கவரில் வையுங்கள். ஆய்வகத்தில் மெழுகில் பதித்த சின்னக் கட்டி ஒன்று இருக்கும், பிளாக் என்பார்கள், அதோடு கண்ணாடி ஸ்லைடும் இருக்கும். மாநிலம் மாறி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே அவற்றை மறுபடி பார்க்கக் கேட்பார்கள், எனவே போகும் முன் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நோய் ஒரு மாநிலத்தில் தொடங்கி வைத்தியம் இன்னொரு மாநிலத்தில் நடக்கிறது, இந்தக் காகிதமும் இந்தக் கண்ணாடியும் கூட வராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

சந்தையில் பிளேடும் சின்னக் கத்தியும் விரித்து உட்கார்ந்து காலாணி எடுக்கிறவர்களிடம் கறுப்பு நிறத்தில் இருக்கிற எதையும் காட்டாதீர்கள். என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலாணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம், அது தோலை வெளுக்க வைத்து உரித்துவிடும், உரித்த தோலோடு கறுப்பும் கொஞ்சம் மங்கியதாகத் தெரியும், நல்லாகிவிட்டது என்று நோயாளி நம்பிவிடுவார். நான் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டச் சொல்கிறேன். ஒரே நிறத்தில், மஞ்சளாகக் கெட்டியாக, அழுத்தினால் நேராக வலிக்கிறதாக இருந்தால் கொடுக்கிறேன். நிறம் கலந்திருந்தால், ஓரம் கோணியிருந்தால், ரத்தம் வந்திருந்தால் கொடுப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறேன். சில பேர் கோபப்பட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும், அடுத்த கடைக்காரரும் இப்படிச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள்.

2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அந்தத் தங்கைகள் நல்ல வேலை செய்கிறார்கள். சர்க்கரை பார்க்கும்போதே இரண்டு உள்ளங்காலையும், கால் விரல் நகங்களையும், விரல் இடுக்குகளையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். விடியற்காலையில் போய் இரவில் திரும்புகிற தோட்டப் பெண்களை அவர்களால் வீட்டில் பிடிக்க முடியாது என்பது உண்மைதான், அதற்கு ஜீப் நிற்கிற இடத்திலேயே மாதம் ஒரு நாள் முகாம் போடலாம். தோட்ட முதலாளிகள் வேலைக்கு எடுக்கும்போது பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்களே, அதோடு வருடத்துக்கு ஒரு முறை காலையும் பார்க்க ஒரு மருத்துவரை அழைத்து வரட்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்தக் கட்டுரையோடு ஒரு வெள்ளைக்காரர் முதுகில் இருக்கிற மச்சத்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அடுத்த தடவை நம் நிறத்தில், உள்ளங்காலிலும் நகத்திலும் வருகிற மெலனோமாவின் படத்தைப் பெரிதாக, கலரில் போடுங்கள், பக்கத்தில் சாதாரணக் காலாணியின் படத்தையும் போடுங்கள். தேனி, இடுக்கி மாவட்டத்துக்கு வருகிற பதிப்பில் முதல் பக்கத்திலேயே வரும்படி செய்தால், அதை வெட்டி எடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
கம்பம், தேனி மாவட்டம்.